அந்தாதியும் திறந்த உரிமமும்: பாத்திரமேற்பு விளையாட்டு விதிகளின் பொதுமை குறித்துக் காரைக்கால் அம்மையார் மரபின்வழி ஒரு திறனாய்வு

ஆய்வுச்சுருக்கம்

மேசையில் ஆடப்படும் பாத்திரமேற்பு விளையாட்டுகளுள் முதன்மையான 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' தன் விதித்தொகுப்பை 2000ஆம் ஆண்டு திறந்த உரிமத்தில் வெளியிட்டது. அதனைச் சார்ந்து நூற்றுக்கணக்கான வெளியீட்டாளர்கள் நூல் செய்தனர். 2023இல் அவ்வுரிமத்தை மாற்ற உரிமையாளர் முயன்றபோது எழுந்த பூசல், பொதுவில் விடப்பட்ட விதி எந்த அளவுக்குப் பொதுவானது என்னும் வினாவை எழுப்பியது. தமிழில் விதியைப் பொதுவாகவும் பாடலைத் தனியாகவும் கொள்ளும் வழக்கம் சிற்றிலக்கிய மரபில் நெடுங்காலமாக உண்டு. காரைக்கால் அம்மையாரின் அந்தாதி, இரட்டைமணிமாலை ஆகிய வடிவங்களும் அவற்றின் வழிவந்த நூல்களும் இதற்குச் சான்றாகும். மீட்கவியலாமை, வளர்ச்சி பொதுவாதல், மரபுவரிசை பேணல் என்னும் மூன்று அளவைகளால் இக்கட்டுரை இரு மரபுகளையும் மதிப்பிடுகிறது.

திறவுச்சொற்கள்: திறந்த உரிமம், பாத்திரமேற்பு விளையாட்டு, சார்பு வெளியீட்டாளர், அந்தாதி, இரட்டைமணிமாலை, பாட்டியல், காரைக்கால் அம்மையார்

1. முன்னுரை

மேசையைச் சுற்றி நால்வர் ஐவர் அமர்ந்து, ஒருவர் கதைநெறியாளராகவும் ஏனையோர் ஆளுக்கொரு கதைமாந்தராகவும் நின்று, வாய்மொழியால் ஒரு கதையை வளர்த்துச் செல்வது பாத்திரமேற்பு விளையாட்டு. கதைமாந்தர் மதிலேற முயலலாம்; பகைவனோடு பொரலாம்; பொய்யுரைத்துத் தப்பவும் முயலலாம். அம்முயற்சி கைகூடுமா என்பதைப் பகடை முடிவு செய்யும். கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் உருவாக்கி 1974இல் அமெரிக்காவில் வெளிவந்த 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' இவ்வகையில் வணிகமுறையில் வெளிவந்த முதல் விளையாட்டு. அதன் 2000ஆம் ஆண்டுப் பதிப்பின் அடிப்படை விதி எளியது. இருபது முகப் பகடையை உருட்டி, வந்த எண்ணோடு மாந்தரின் ஆற்றலுக்குரிய எண்ணைக் கூட்ட வேண்டும். தொகை குறித்த இலக்கை எட்டினால் முயற்சி வெற்றி.

இவ்விளையாட்டின் நூல்கள் இருவகைப்படும். விதிகளை உரைப்பன ஒருவகை. அவ்விதிகளைக் கொண்டு ஆடுவதற்குரிய கதைக்களம், ஊர், பகை, புதையல் ஆகியவற்றை அமைத்துத் தருவன மற்றொருவகை. முதல் வகையை வெளியிட்ட நிறுவனத்தின் இசைவோடு இரண்டாம் வகையைப் பிறர் வெளியிடும்போது அவர்களைச் சார்பு வெளியீட்டாளர் எனலாம். நன்னூல் பாயிரம் நூலை முதல், வழி, சார்பு என மூவகைப்படுத்தும். அப்பாகுபாட்டின் வழியே இப்பெயர் இங்கு ஆளப்படுகிறது.

பிறர் விதியைக் கொண்டு தம் நூலைச் செய்வோருக்கு அவ்விதியின்மேல் உள்ள உரிமை எத்தகையது? அளித்தவர் அதனைத் திரும்பப் பெறலாமா? இவ்வினாக்கள் விளையாட்டுத் துறைக்கு மட்டும் உரியன அல்ல. கடைமடைக் கடற்கரையில், தமிழக மாவட்டங்களால் சூழப்பட்டுப் புதுச்சேரி ஒன்றியப் பகுதியின் ஒரு கூறாக நிற்கும் காரைக்கால், தமிழ் இலக்கிய வரலாற்றில் இவ்வினாக்களுக்கு நேரான ஒரு நிகழ்வின் ஊர். அவ்வூரிற் பிறந்த பெண்பாற் புலவர் ஒருவர் கையாண்ட வடிவங்கள், எவ்வித உரிமப் பத்திரமும் இன்றி, சமய வேறுபாடும் ஆட்சி வேறுபாடும் கடந்து பிறர்க்கு உரியவாயின.

2. விதியும் வெளிப்பாடும்

விளையாட்டு விதி யாருக்கும் தனியுடைமையாகாது என்பதே பதிப்புரிமைச் சட்டத்தின் பொதுநிலை. கணக்குப் பதிவு முறை ஒன்றை விளக்கும் நூலுக்குப் பதிப்புரிமை உண்டு, அம்முறைக்கு இல்லை என 1879இல் அமெரிக்க உச்சநீதிமன்றம் பேக்கர் எதிர் செல்டன் வழக்கில் தீர்த்தது. கருத்துக்குப் பதிப்புரிமை இல்லை, அது வெளிப்படும் வடிவுக்கே உண்டு என்னும் கொள்கையை இந்திய உச்சநீதிமன்றம் 1978இல் ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் வலியுறுத்தியது. ஆகவே பகடையை உருட்டி எண்ணைக் கூட்டும் முறை பொது. அதனை விளக்கும் சொற்கள் எழுதியவருக்கு உரியன.

தமிழ் யாப்பில் இவ்வேறுபாடு மேலும் தெளிவாகப் புலப்படும். கட்டளைக் கலித்துறை ஐந்து சீர் கொண்ட நான்கு அடிகளால் ஆவது. ஒற்று நீக்கி எண்ணினால், நேரசையில் தொடங்கும் அடியில் பதினாறு எழுத்தும் நிரையசையில் தொடங்கும் அடியில் பதினேழு எழுத்தும் வருதல் வேண்டும். இறுதி ஏகாரத்தால் முடிதல் வேண்டும். எண்ணிச் சரிபார்க்கத்தக்க இவ்விதியைக் கற்ற எவரும் பாடலாம். பாடிய பாடல் பாடியவருடையது. விதியைப் பயன்படுத்தியதற்காக எவரும் எவரிடமும் இசைவு கோரியதில்லை.

விளையாட்டுத் துறையில் இத்தெளிவு நடைமுறைக்கு வரவில்லை. ஒரு பூதத்தின் பெயர், அதன் ஆற்றலைக் காட்டும் எண்கள், அதனைப் பற்றிய விளக்கம் ஆகியன ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும். இவற்றுள் எது விதி, எது வெளிப்பாடு என்பதை வழக்காடியே அறிய முடியும். தொடக்கக் கால உரிமையாளரான டி.எஸ்.ஆர். நிறுவனம் 1990களின் தொடக்கத்தில் மேஃபேர் கேம்ஸ் என்னும் சார்பு வெளியீட்டாளர்மீது தொடுத்த வழக்கு இதற்குச் சான்று. சட்டம் அனுமதிப்பதையும் அச்சமின்றிச் செய்யச் சிறு வெளியீட்டாளர்க்கு ஒரு பாதுகாப்பு தேவைப்பட்டது. திறந்த உரிமத்தின் மெய்யான பயன் இதுவே. வழக்கு வராது என்னும் உறுதியையே அது முதன்மையாக அளித்தது.

3. காரைக்காலில் தோன்றிய வடிவங்கள்

காரைக்கால் அம்மையாரின் காலம் பொதுவாக ஆறாம் நூற்றாண்டை ஒட்டியதாகக் கருதப்படுகிறது. அவர் பாடியவை நான்கு: திருவாலங்காட்டு மூத்த திருப்பதிகங்கள் இரண்டு, இருபது பாடல் கொண்ட திருவிரட்டைமணிமாலை, 101 வெண்பாக்களாலான அற்புதத் திருவந்தாதி. நான்கும் பதினோராம் திருமுறையில் இடம்பெற்றுள்ளன. ஆனி மாத மாங்கனித் திருவிழாவால் காரைக்கால் அவரை ஆண்டுதோறும் நினைவுகூர்கிறது. அவ்விழா அவர் வாழ்வை நினைப்பது. அவர் இலக்கிய வடிவத்துக்கு ஆற்றிய பங்கு அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

ஒரு பாடலின் ஈறு அடுத்த பாடலின் தொடக்கமாக அமையும் அந்தாதித் தொடையை அம்மையார் புதிதாகப் படைக்கவில்லை. பதிற்றுப்பத்தின் நான்காம் பத்து அத்தொடையால் அமைந்தது. தொடையாக இருந்த ஒன்றைத் தனிநூலின் கட்டமைப்பாக உயர்த்தியதில் கிடைப்பனவற்றுள் பழைய முழுநூல் அற்புதத் திருவந்தாதி. வெண்பாவும் கட்டளைக் கலித்துறையும் மாறி மாறித் தொடுக்கும் இரட்டைமணிமாலைக்கும் அவர் நூலே முன்னோடி. கட்டளைக் கலித்துறை தெளிவாக ஆளப்பட்ட முதல் இடமும் அதுவே என்பர் ஆய்வாளர் பலர். முன்னிருந்ததை எடுத்துக் கூட்டியமைத்துப் பின்வருவோர்க்கு விட்டுச்சென்ற அம்மையாரும் இவ்வகையில் ஒரு வழிநூலாசிரியரே.

டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸின் பிறப்பும் இத்தகையதே. கைகாக்ஸும் ஜெஃப் பெரெனும் 1971இல் வெளியிட்ட 'செயின்மெயில்' என்னும் போர் விளையாட்டின் விதிகளிலிருந்து அது வளர்ந்தது. டோல்கீன் கதைகளின் மாந்தரினங்களையும் எடுத்தாண்டது. எதிர்ப்பு எழுந்தபின் 'ஹாபிட்' என்னும் பெயரை நீக்கி 'ஹாஃப்லிங்' என மாற்றிக்கொண்டது. பின்னாளில் உரிமை பேசிய நூலும் பிறர் பொதுவிலிருந்து எடுத்தே தொடங்கியது.

அம்மையார் வடிவங்களின் பின்வரலாறு விரிந்தது. பதினோராம் திருமுறைக்குள்ளேயே கபிலதேவ நாயனார் இரண்டு இரட்டைமணிமாலைகள் பாடினார். நக்கீரதேவர், பரணதேவர், சேரமான் பெருமாள், நம்பியாண்டார் நம்பி ஆகியோர் அந்தாதி பாடினர். சேரமானின் பொன்வண்ணத்தந்தாதி வெண்பாவை விடுத்துக் கட்டளைக் கலித்துறையை ஏற்றது. வைணவத்தில் முதலாழ்வார் மூவரும் நூறு நூறு வெண்பாவால் திருவந்தாதிகள் அருளினர்; அவர்கள் அம்மையாருக்கு முற்பட்டவரா பிற்பட்டவரா என்னும் காலவாதம் எவ்வாறு முடியினும், ஒரே வடிவம் இரு சமயத்தார்க்கும் தடையின்றிப் பயன்பட்டது என்பது உறுதி. திருவரங்கத்தமுதனாரின் இராமானுச நூற்றந்தாதி, ஆசிரியரைப் போற்றும் நூலாக அவ்வடிவத்தைத் திருப்பியது.

காரைக்காலைச் சுற்றிய கடற்கரையே இப்பரவலைக் காட்டப் போதியது. வடக்கே திருக்கடையூரில் அபிராமி பட்டர் கட்டளைக் கலித்துறையில் அபிராமி அந்தாதி பாடினார். தெற்கே நாகூரில் குலாம் காதிறு நாவலர் கலம்பகம் முதலிய சிற்றிலக்கிய வடிவங்களை இசுலாமியப் பொருளுக்கு உரியனவாக்கினார். இத்தாலியிலிருந்து வந்த வீரமாமுனிவர் 'அன்னை அழுங்கல் அந்தாதி' பாடியதோடு, 'தொன்னூல் விளக்கம்' என்னும் இலக்கணமும் இயற்றினார். பிறர் விதியில் நூல் செய்தவர் அவ்விதியை உரைக்கும் நூலையும் தாமே செய்தார் என்பது இங்குக் கருதத்தக்கது. பதினெட்டாம் நூற்றாண்டில் தஞ்சையில் மராட்டியரும் தரங்கம்பாடியில் தேனியரும் 1739 முதல் காரைக்காலில் பிரெஞ்சுக்காரரும் ஆண்டனர். ஆட்சிக்கு எல்லை இருந்தது. வடிவத்துக்கு இல்லை.

4. உரிமத்தின் அமைப்பும் சார்பு வெளியீட்டாளரும்

நிதி நெருக்கடியில் சிக்கிய டி.எஸ்.ஆர். நிறுவனத்தை 1997இல் விசர்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் வாங்கியது. அந்நிறுவனத்தை 1999இல் ஹாஸ்ப்ரோ வாங்கியது. 2000இல் மூன்றாம் பதிப்போடு திறந்த விளையாட்டு உரிமமும், விதிகளை மட்டும் தொகுத்த விதிமேற்கோள் ஆவணமும் வெளிவந்தன. இத்திட்டத்தை முன்னின்று நடத்திய ரயன் டான்சியின் வாதம் வணிகம் சார்ந்தது. கதைக்களச் சிறுநூல்களால் பெருநிறுவனத்துக்கு ஆதாயம் குறைவு. அவற்றைப் பிறர் செய்தால் அடிப்படை விதிநூலின் விற்பனை பெருகும்.

உரிமத்தின் நான்கு கூறுகள் இங்கு இன்றியமையாதன. முதலாவது, நூலின் உள்ளடக்கத்தை அது இரண்டாகப் பிரித்தது: எவரும் எடுத்தாளத்தக்க திறந்த உள்ளடக்கம் ஒன்று, பெயர்கள், மாந்தர், கதை, சின்னம் முதலான படைப்பு அடையாளம் மற்றொன்று. இரண்டாவது, திறந்த உள்ளடக்கத்திலிருந்து வழிவரும் விதியும் திறந்ததாகவே இருக்க வேண்டும் என்றது. மூன்றாவது, ஒவ்வொரு வெளியீட்டாளரும் தாம் எடுத்தாண்ட நூல்கள் அனைத்தின் உரிமைக் குறிப்பையும் பதினைந்தாம் பிரிவில் வரிசையாகச் சேர்க்க வேண்டும் என்றது. நான்காவது, உரிமத்தின் ஏற்பளிக்கப்பட்ட பதிப்பு எதனையும் பயன்படுத்தலாம் என்றது.

முதற்கூறு தமிழ் மரபுக்குப் புதிதன்று. அற்புதத் திருவந்தாதியின் இறுதி வெண்பா, நூல் அந்தாதி வெண்பாவால் ஆனது என வடிவத்தையும், அதனைச் சொன்னவர் காரைக்காற்பேய் எனப் பாடியவரையும் ஒருங்கே குறிக்கிறது. வடிவம் எவருக்கும் உரியது. காரைக்காற்பேய் என்னும் முத்திரை அவர் ஒருவருக்கே உரியது. பதிகங்களின் கடைசிப் பாடலிலும் அம்முத்திரை உண்டு. பதிகத்தின் கடைப்பாடலில் பெயர் பொறிக்கும் முறையைச் சம்பந்தர் ஏற்றார், பெயரைத் தம்முடையதாக்கிக்கொண்டார். திறந்த உள்ளடக்கம், படைப்பு அடையாளம் என்னும் பாகுபாட்டுக்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு அரிது.

சார்பு வெளியீட்டாளர் விரைந்து பெருகினர். அட்லஸ் கேம்ஸின் 'த்ரீ டேஸ் டு கில்' மூன்றாம் பதிப்பின் விதிநூல் வெளிவந்த 2000 ஆகஸ்ட் மாதத்திலேயே விற்பனைக்கு வந்தது. கிரீன் ரோனின் நிறுவனம் 2002இல் அதே விதியை மீத்திறன் வீரர் கதைக்கு ஏற்ப மாற்றி 'மியூட்டன்ட்ஸ் அண்ட் மாஸ்டர்மைண்ட்ஸ்' செய்தது. 2006இல் வந்த 'ஆஸ்ரிக்' திறந்த விதியின் சொற்களைக் கொண்டே பழைய பதிப்பின் ஆட்டமுறையை மீட்டமைத்தது. தொல்காப்பிய மரபியல் வழிநூலைத் தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்ப்பு என நான்காக்கும். ஆஸ்ரிக்கைத் தொகைவிரி எனவும், மியூட்டன்ட்ஸை நன்னூல் கூறும் சார்பு எனவும் வகைப்படுத்துதல் பொருந்தும். முன்னது முதனூலோடு பெரிதும் ஒத்துச் செல்ல, பின்னது சிறிதே ஒத்துப் பெரிதும் வேறுபடுகிறது.

சார்புநிலையின் இடர்களும் விரைவில் வெளிப்பட்டன. 2003 ஜூலையில் 3.5 பதிப்பு வந்தபோது, பழைய விதிக்கென அச்சிட்டு வைத்த நூல்கள் தேங்கின. உரிமத்தைத் தொடாமலே, விதியை மாற்றியதன் மூலம் மட்டும் உரிமையாளர் சார்ந்தோரைப் பாதிக்க முடிந்தது. அதே ஆண்டு, பாலியல் பொருள் கொண்ட ஒரு சார்புநூல் அறிவிக்கப்பட்டதும், தனி உரிமத்தால் வழங்கப்பட்ட வணிகச் சின்னத்தைப் பயன்படுத்துவதற்கு ஒழுக்க நெறிகள் சேர்க்கப்பட்டன. அந்நூல் சின்னமின்றி, திறந்த உரிமத்தின் கீழேயே வெளிவந்தது. சின்னத்தை மறுக்க முடிந்தது. விதியை மறுக்க முடியவில்லை.

உரிமத்தின் வலிமை 2008இல் முழுதும் வெளிப்பட்டது. அவ்வாண்டு நான்காம் பதிப்பைக் கடுமையான வேறொரு உரிமத்தில் நிறுவனம் வெளியிட்டது. பைசோ நிறுவனம் அதனை ஏற்காது, திறந்துவிட்ட 3.5 விதியின்மேல் 2009இல் 'பாத்ஃபைண்டர்' விளையாட்டை நிறுவியது. முதனூலார் கைவிட்ட விதியை வழிநூலார் காத்தனர். ஐந்தாம் பதிப்பின் விதிமேற்கோள் ஆவணத்தை 2016இல் பழைய திறந்த உரிமத்திலேயே நிறுவனம் மீண்டும் வெளியிட்டமைக்கு இப்பட்டறிவு ஒரு காரணமாதல் கூடும்.

5. 2023: 'ஏற்பளிக்கப்பட்ட' என்னும் சொல்

2023 ஜனவரி தொடக்கத்தில் 1.1 என்னும் புதிய உரிம வரைவு கசிந்தது. பழைய உரிமம் இனி ஏற்பளிக்கப்பட்டதன்று என அவ்வரைவு அறிவித்தது. ஆண்டுக்கு 7,50,000 டாலருக்கு மேற்பட்ட வருவாயில் 25 விழுக்காடு வரை உரிமைத்தொகை கோரியது. இருபத்திரண்டு ஆண்டுகளாக எவரும் ஐயுறாத ஒரு சொல்லின்மேல் இவ்வறிவிப்பு நின்றது. பழைய உரிமம் நிலைபேறுடையது எனத் தன்னைக் கூறிக்கொண்டது. மீட்கவியலாதது என்னும் சொல் அதில் இல்லை. ஏற்பளிக்கப்பட்ட பதிப்பைப் பயன்படுத்தலாம் என்றதால், ஏற்பை நீக்கவும் இயலும் என்னும் வாதத்துக்கு இடம் உண்டாயிற்று. பதிப்பு மாறினும் பழையதையே தொடரலாம் எனப் பயனாளர்க்குக் காப்பாக எழுதப்பட்ட தொடர், அவர்களுக்கு எதிராகத் திருப்பப்பட்டது.

எதிர்ப்பு கடுமையாக எழுந்தது. பைசோ, கோபோல்ட் பிரஸ், கேயாசியம், கிரீன் ரோனின் முதலிய நிறுவனங்கள் எந்த விளையாட்டு நிறுவனத்தின் பிடியிலும் இல்லாத ஓர்க் என்னும் உரிமத்தை உருவாக்க முற்பட்டன. ஜனவரி 19இல் வெளியிடப்பட்ட 1.2 வரைவின்மீது 15,000க்கும் மேற்பட்டோர் கருத்துரைத்தனர். பழைய உரிமத்தின் ஏற்பை நீக்குவதை 89 விழுக்காட்டினர் ஏற்கவில்லை. புதிய வரைவின் கீழ் வெளியிட 88 விழுக்காட்டினர் விரும்பவில்லை. ஜனவரி 27இல் நிறுவனம் பின்வாங்கியது. பழைய உரிமம் அவ்வாறே விடப்பட்டது, 5.1 விதிமேற்கோள் ஆவணம் கிரியேட்டிவ் காமன்ஸ் குறிப்பிடுதல் 4.0 உரிமத்தில் வெளியிடப்பட்டது.

இந்நிகழ்வைச் சார்பு வெளியீட்டாளரின் முழு வெற்றியாகவே பலரும் கொண்டனர். அக்கணிப்பு ஒரு பகுதி மட்டுமே சரி. கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் நெறிகளை மீறாதவரை மீட்கவியலாதது. அவ்வகையில் ஆதாயம் பெரிது. ஆயினும் பழைய உரிமத்தின் இரண்டு நற்கூறுகள் அதனோடு மறைந்தன. வழிவரும் விதியும் திறந்திருக்க வேண்டும் என்னும் கட்டாயம் புதிய உரிமத்தில் இல்லை. ஒரு சார்பு வெளியீட்டாளர் விதியைச் செம்மைப்படுத்தினால், அச்செம்மையைப் பூட்டி வைத்துக்கொள்ளலாம். பதினைந்தாம் பிரிவின் வரிசையும் போயிற்று. முதல் உரிமையாளரைக் குறிப்பிட்டால் போதும்; இடையில் வந்தோர் திறந்து அளித்தது ஏதுமில்லையேல் அவர்களைக் குறிக்கும் தேவையும் இல்லை. கிடைத்ததை யாரும் பறிக்க முடியாது. அது தானே வளரும் என்பதற்கு மட்டும் உறுதி இல்லை.

6. மூன்று அளவைகள்

மேற்கண்டவற்றிலிருந்து விதியின் பொதுமையை அளக்க மூன்று அளவைகள் பெறப்படுகின்றன. அளித்ததை மீட்க முடியாதிருத்தல் ஒன்று. பின்வந்தோர் விதியிற் சேர்ப்பதும் பொதுவாதல் இரண்டு. சேர்த்தோர் யார் என்னும் வரிசை பேணப்படுதல் மூன்று.

தமிழ்ச் சிற்றிலக்கிய மரபு முதல் இரண்டிலும் நிறைவுடையது. அந்தாதி வடிவத்தை எவரும் மீட்க முடியாது. மீட்கத்தக்க உரிமையாளர் இலர். பின்வந்தோர் யமகத்தையும் திரிபையும் அந்தாதியோடு இணைத்தபோது யமகவந்தாதி, திரிபந்தாதி என அவையும் பொதுவடிவங்களாயின. மூன்றாம் அளவையில் இம்மரபு தளர்ந்து நிற்கிறது. பன்னிரு பாட்டியல், வெண்பாப் பாட்டியல், நவநீதப் பாட்டியல் முதலான நூல்கள் வடிவங்களுக்கு இலக்கணம் வகுக்கின்றன. அவ்வடிவத்தை முதலில் அமைத்தவர் பெயரை இலக்கணத்தோடு இணைப்பதில்லை. இரட்டைமணிமாலையின் இலக்கணத்தைக் கற்பவர், அதன் பழைய நூல் காரைக்காற் பெண் ஒருவருடையது என அவ்விலக்கணத்தால் அறியார். திருமுறைத் தொகுப்பு அவர் நூலைக் காத்திராவிடில் வடிவம் மட்டும் எஞ்சி, அமைத்தவர் மறைந்திருப்பார். பெயரில்லாப் பொதுமையில் முதலில் மறைபவர் ஆதரவற்ற சிறு படைப்பாளர், அவருள்ளும் பெண்டிர் என்பதால் இவ்விழப்பு பொருட்படுத்தத்தக்கது.

2000ஆம் ஆண்டின் உரிமம் இதற்கு நேர்மாறானது. வளர்ச்சி பொதுவாதலையும் வரிசை பேணலையும் விதியாக்கியது. மீட்கவியலாமையை உறுதி செய்யத் தவறியது. கிரியேட்டிவ் காமன்ஸ் வெளியீடு முதலாவதை அளித்து ஏனைய இரண்டையும் தளர்த்தியது. 2023 ஜூனில் இறுதிவடிவம் பெற்ற ஓர்க் உரிமம் மீட்கவியலாதது. வழிவரும் விதியையும் பொதுவாக்குவது. முன்னோரைக் குறிப்பிடுவதையும் கட்டாயமாக்குவது. மூன்றையும் ஒருங்கே கொண்டது அதுவே. காரைக்கால் வழிவந்த மரபோடு பெரிதும் ஒத்துப்போவதும், அம்மரபின் குறையை நிரப்புவதும் அவ்வுரிமமே.

7. ஒப்பீட்டின் எல்லைகள்

இவ்வொப்பீட்டைப் பழைமைப் பெருமிதமாகக் கொள்ளுதல் தவறு. தமிழ் மரபிலும் விதியை வேலியாக்கும் முயற்சி இருந்தது. பாட்டியல் நூல்கள் வெண்பாவை அந்தணர்க்கும் ஆசிரியப்பாவை அரசர்க்கும் கலிப்பாவை வணிகர்க்கும் வஞ்சிப்பாவை வேளாளர்க்கும் உரியனவாக வகுத்தன. கலம்பகத்தின் பாடல் எண்ணிக்கையைத் தேவர்க்கு 100, அந்தணர்க்கு 95, அரசர்க்கு 90, அமைச்சர்க்கு 70, வணிகர்க்கு 50, வேளாளர்க்கு 30 எனப் படிநிலைப்படுத்தின. யார் பாடலாம் என்பதை விதி தடுக்கவில்லை. யாரை எவ்வளவு பாடலாம் என்பதை வரையறுக்க முயன்றது. வடிவத்தின் திறப்பும் சமூகத்தின் அடைப்பும் ஒரே நூலில் உடனிருந்தன. ஆயினும் பாட்டியலார்க்கு ஒரு நூலை ஏற்பற்றதாக்கும் அதிகாரம் இருந்ததில்லை. அவர்கள் விதியை மீறிய நூல்களும் பாடப்பட்டன, படிக்கப்பட்டன.

பொருளியல் அடிப்படையும் வேறு. புலவர் வருவாய் புரவலர் கொடையால் வந்தது. படி விற்பனையால் வரவில்லை. ஒருவர் அந்தாதி பாடியதால் மற்றொருவர் அந்தாதியின் வருவாய் குறையாது. அங்கே பொதுமைக்கு விலையில்லை. விளையாட்டு நிறுவனங்களோ ஒரே வாங்குவோரை நாடுவன. விலை கொடுத்தும் திறந்து வைத்ததை அவ்வுரிமத்தின் சிறப்பாகக் கொள்ளல் வேண்டும்.

அச்சுக் காலத் தமிழகத்தில் இதற்கு நெருங்கிய நிகழ்வு நூல்களின் நாட்டுடைமையாக்கம். பாரதி படைப்புகளின் உரிமையைச் சென்னை அரசு 1949இல் பெற்றுப் பின்னர்ப் பொதுவுக்கு விட்டது. அதன்பின் எண்ணற்ற பதிப்பாளர் பாரதியை மலிவு விலையில் அச்சிட்டனர். ஆனால் அங்குத் திறக்கப்பட்டது விதியன்று, நூலே. அதனால் வளர்ந்தது வாசகப் பரப்பு. புதிய பாட்டு வடிவமன்று. பாடபேதங்களின் வரிசையைப் பேணும் கடமை எப்பதிப்பாளர்க்கும் விதிக்கப்படாமையின், பிழைகளும் படியெடுக்கப்பட்டன. மூன்றாம் அளவையின் தேவையை இந்நிகழ்வும் உணர்த்துகிறது.

8. முடிவுரை

திறந்த விதித்தொகுப்பு ஒன்றின் உறுதி, அதனை அளித்தவரின் நல்லெண்ணத்தில் இல்லை. அளித்தவரே எண்ணம் மாறினாலும் அது நிலைக்குமா என்பதில் உள்ளது. 2023இல் பழைய உரிமத்தைக் காத்தது அதன் வாசகத்தினும், இருபது ஆண்டுகளாக அதனைச் சார்ந்து நூல் செய்தோர் உருவாக்கிய வழக்கமே. வழக்கத்தின் வலிமையால் நிலைத்தது என்னும் அளவில் அது அந்தாதி மரபை ஒத்தது. வழக்கம் மட்டும் போதாது என்பதையும், சேர்த்தோர் பெயரையும் சேர்த்துப் பேண வேண்டும் என்பதையும் அதன் பதினைந்தாம் பிரிவு தமிழ் மரபுக்குச் சொல்கிறது.

1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம், 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியா முதலியவற்றால் தமிழில் திறந்த உள்ளடக்கம் பெருகியுள்ளது. பாடநூல், செயலி, விளையாட்டு, இலக்கணக் கருவி என விதியை அடிப்படையாகக் கொண்ட ஆக்கங்களைத் தமிழில் பொதுவுக்கு விடுவோர், உரிமத்தைத் தேர்ந்தெடுக்கும்போது இம்மூன்று அளவைகளையும் கருத வேண்டும். வடிவத்தையும் பெயரையும் ஒரே வெண்பாவில் பதித்து நூலை முடித்தார் காரைக்கால் அம்மையார். வடிவம் ஊரெங்கும் சென்றது. பெயரைக் காக்க ஒரு தொகுப்பு தேவைப்பட்டது. இனி எழுதப்படும் உரிமங்கள் அவ்விரண்டையும் ஒருங்கே காத்தல் வேண்டும்.